நாற்பது மணி நேரக் குரல்

"அத்தை, இந்த அட்டைக்கும் தொண்டை கட்டுமா?"

எங்கள் மருத்துவமனையின் குரல் பிரிவில் எட்டு வயது நஸ்ரின் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுடைய அம்மாவுக்குத் தொண்டையில் அறுவை முடிந்திருந்தது. அம்மாவுக்குப் பொருத்தப் போகும் ஒலி அட்டையை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது அது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருடமாக இந்த அட்டைகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்த மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை.

"அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்ல சவுண்ட் கார்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதோட பேத்தி இது. இந்தப் புள்ளி தெரியுதா? இது மைக். உன் காதுல செவிப்பறை இருக்குல்ல, அது மாதிரி. காத்து வந்து தட்டினா அதிரும்."

"சரி."

"ஆனா அதிர்வு அப்படியே உள்ள போனா அட்டைக்குப் புரியாது. அதுக்கு எண்தான் புரியும். அதனால ஒரு செகண்டுக்கு நாற்பதாயிரம் தடவைக்கு மேல அந்த அதிர்வை அளந்து எண்ணா மாத்திக்கும். உன் காதுக்குள்ளயும் நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு சுருண்டு கிடக்கு. அதுவும் அதிர்வை மூளைக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குது."

"அப்ப பேசுறது?"

"அது இந்தப் பக்கம். எண்ணை மறுபடியும் அதிர்வா மாத்தி வெளிய விடும். இதுதான் தொண்டை. இந்தக் குட்டிச் சதுரம் நெஞ்சுல இருக்குற மூச்சு மாதிரி, சத்தத்துக்குப் பலம் குடுக்கும். ஓரத்துல ஒண்ணு துடிச்சிக்கிட்டே இருக்கும். கடிகாரம். அதுதான் நாடி. நாடி தப்பினா குரல் கரகரன்னு போயிரும்."

"அப்பத் தொண்டை கட்டும்!" என்றாள் அவள், வழக்கில் வென்றவள் போல.

எதிர் பெஞ்சில் கழுத்தில் கட்டுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். மடியிலிருந்த பலகையில் எதையோ எழுதி எங்களிடம் திருப்பிக் காட்டினார். 'கட்டினா சுக்குக் கஷாயம் யார் வைப்பா?'

அவர்தான் சூசைராயன். அறுபத்து நான்கு வயது. புன்னைத்துறை என்ற மீனவ ஊர்க்காரர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மரண அறிவிப்புச் செய்வது அவருடைய தொழில். முப்பது வருடம் செய்திருக்கிறார். புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

அட்டை செய்யும் வேலையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காறை எலும்புக்குக் கீழே அதைப் பதிக்கிறோம். பேச நினைத்து வாயும் தாடையும் கழுத்துத் தசையும் அசைவதை அது படிக்கிறது. தனக்குள் இருக்கும் குரலில் அதை ஒலியாக்குகிறது. அந்தக் குரலை நோயாளியின் பழைய பதிவுகளிலிருந்து அது கற்றுக்கொள்ள வேண்டும். கற்று முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். தகப்பன் குரலில் பிள்ளையை அழைத்து ஏமாற்றிய கும்பல்கள் பெருகிய பிறகு வந்த சட்டம் அது. ஓர் உடம்புக்கு ஒரு குரல். நகல் கிடையாது.

பெரும்பாலான நோயாளிகள் பத்து நிமிடப் பதிவுக்கே அலைவார்கள். சூசைராயன் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வோர் அறிவிப்பையும் வீட்டில் ஒருமுறை பேசிப் பதிந்து, பிறகு ஆட்டோவில் அதையே ஓடவிடுவது அவர் வழக்கம். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் அறிவிப்புகள். நாற்பது மணி நேரம்.

நான் மகிழ்ந்து போனேன். எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்தக் கதையில் தவறு செய்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அட்டை பொருத்திய அன்று வழக்கமான சோதனைக்காக ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னேன். எண்ணினார். கணீரென்ற, கனமான, நல்ல குரல். ஒவ்வொரு எண்ணும் மெல்ல இறங்கி முடிந்தது. ஏதோ ஒரு துக்கம் அறையில் வந்து நின்றது போலிருந்தது. அறுவையின் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் கண் கலங்கக் கைகூப்பினார். நானும் கைகூப்பி அனுப்பி வைத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் என் அறைக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான் சூசைராயன் மக. எமில்டா."

"உக்காரும்மா. எத்தனை மாசம்?"

"ஏழு முடிஞ்சிருச்சு. தலப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்துருக்கேன்." அவள் நாற்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். "அப்பா ஒரு மாசமா வீட்டுல வாயத் தொறக்கலக்கா."

"ஏன், அட்டை வேலை செய்யலையா?"

"வேலை செய்யுது. அதான் பிரச்சினையே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வளைகாப்பு முடிஞ்சு நான் ஆட்டோவுல வந்து எறங்கினேன். அப்பா வாசல்ல நின்னு, 'எமில்டா வந்துட்டா'ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அத்தை, கையில தோசைக் கரண்டியோட ஓடி வந்து, யாரு தவறிட்டான்னு கேக்காங்க. எங்க மாமியா அங்கயே நெஞ்சுல சிலுவ போட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டேன்.

"சிரிங்கக்கா. மொத நாளு நானும்தான் சிரிச்சேன். டீக்கடை மரியான் மாமா சொல்லுதாரு, 'மச்சான், நீரு ரெண்டு வடைன்னு கேட்டா, ரெண்டு வடையும் எறந்து போச்சோன்னு இருக்குவே'ன்னு. அப்பாவும் சிரிக்கத்தான் பாத்தாங்க. அந்தச் சிரிப்பும் ஒப்பாரி மாதிரிதான் வந்துச்சு."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. தொண்டை எதைப் பழகுகிறதோ அதைத்தான் பேசும். மனிதத் தொண்டை ஒரே நாளில் பிள்ளையைக் கொஞ்சும், மீன்காரியிடம் பேரம் பேசும், கோயிலில் மன்றாடும். இந்த அட்டையோ மனிதக் குரலென்று கேட்டதெல்லாம் ஆயிரத்து அறுநூறு சாவுகளைத்தான். 'வந்துவிட்டார்' என்ற சொல்லை அது கேட்டதேயில்லை. 'சென்றுவிட்டார்' என்பது மட்டும் தெரியும். எங்கள் பிரிவில் இதற்கு முன் ஓர் ஆசிரியைக்கு வகுப்பறைப் பதிவை வைத்து அட்டை பொருத்தினோம். அவர் கணவரிடம் உப்பு கேட்டாலும் பெஞ்சின் மேல் ஏறச் சொல்வது போலிருக்கும். அதை வேடிக்கையாகப் பேசிக்கொண்டோமே தவிர, பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வேற ஏதாவது பதிவு இருக்காம்மா? அப்பா சிரிச்சு, சத்தம் போட்டு, சும்மா பேசினது? அஞ்சு நிமிஷம் கெடச்சாக்கூட அட்டைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துப் பாக்கலாம்."

"வீடு முழுக்கத் தேடிட்டேன். என் கல்யாண வீடியோ இருக்கு. மூணு மணி நேரத்துக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு ஒட்டியிருக்கான். ஒருத்தர் பேசுறதும் கேக்காது. போன்ல அப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போன் கடல்ல விழுந்தப்பவே போச்சு."

"மாமியார் என்ன சொல்றாங்க?"

"வயித்துப் பிள்ளைக்காரி பேர எழவு சொல்ற மாதிரிக் கூப்பிடுற வீட்டுல எம் மருமகள விட மாட்டேன்னுட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். அவங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அவங்களுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்க்கா. 'அப்பா, எல்லாம் பேசுங்க, எம் பேர மட்டும் சொல்லாதீங்க, வயித்துல பிள்ள இருக்கு'ன்னு. அன்னையில இருந்துதான் அப்பா எதுவுமே பேசல. சோத்தப் போட்டு வச்சுட்டு தட்டத் தட்டுதாங்க. நான் போய்ச் சாப்பிடுதேன்."

அவள் அழுதாள். மேசையைச் சுற்றிப் போய் அவள் தோளில் கை வைத்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. அரசு வைத்திருக்கும் பொதுக்குரல். பல நூறு பேருடைய குரல்களைக் கலந்து செய்தது. தெளிவாக இருக்கும், இனிமையாகவும் இருக்கும், யாருடையதாகவும் இருக்காது. அதை ஏற்றினால் உள்ளிருக்கும் குரல் அழிந்துபோகும் என்பதையும் எமில்டாவிடம் சொல்லி அனுப்பினேன். மூலப் பதிவுகளைச் சட்டப்படி நானே அழித்திருந்தேன். ஆகவே சூசைராயனின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவர் நெஞ்சுக்கு மேலே அந்த நகத்தளவு அட்டையில் மட்டும்.

வியாழக்கிழமை அவரே வந்தார். எதிரில் உட்கார்ந்து, எழுதாமல், பேசினார்.

"அழிச்சிருங்கம்மா."

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை அந்தக் குரலில் கேட்கும்போது, யாரோ ஊரறிந்த மனிதர் போய்விட்டதாகச் சொன்னது போலிருந்தது.

"ஐயா, நல்லா யோசிச்சுக்கோங்க. திரும்ப வராது. எங்கிட்ட நகல் இல்ல."

"யோசிச்சாச்சு. அந்தப் பிள்ள எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. எவன் சத்தமா இருந்தாலும் பரவால்ல, எம் மக பேர நான் கூப்பிட்டா அவ சிரிக்கணும்."

"தப்பு எம்மேலதான் ஐயா. நான் பதிவைக் கேட்டுப் பாத்திருக்கணும்."

"விடுங்கம்மா. முப்பது வருசமா நானுந்தான் கேட்டுப் பாக்கல." ஒப்புதல் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய பிறகும் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு வேண்டாம். சனிக்கிழமை காலையில செய்யலாமா?"

சனிக்கிழமை எங்கள் பிரிவு விடுமுறை. "நான் வாரேன் ஐயா" என்றேன். "எதுக்கு ரெண்டு நாள்னு தெரிஞ்சுக்கலாமா?"

அவர் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு பேர் சொல்லாம விட்டிருக்கேன்."

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. புன்னைத்துறையில் ஒரு விசைப்படகு முதலாளியின் மகள். ஜெனிட்டா என்று பெயர். இருபத்திரண்டு வயது. வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனோடு போனாள். அவன் கைவிட்ட பிறகு தனியாகத் திரும்பி வந்தாள். வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் அவளைக் கடல் கொண்டுவந்து போட்டது.

"அவங்கப்பன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'எம் பேர் மைக்குல வரக் கூடாது. வந்தா, எங்க படகுச் சங்கத்துல ஒருத்தன் வீட்டுச் சாவுக்கும் உன்னக் கூப்பிட மாட்டோம்.' அறிவிப்புன்னா ஒரு முறை இருக்கும்மா. இன்னார் மகளும், இன்னார் மனைவியும், இன்னார் தாயாருமானன்னு சொந்தத்தச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அப்பன் பேர் இல்ல, புருசன் பேர் இல்ல, பிள்ள இல்ல. நான் எப்படி ஆரம்பிப்பேன்?"

"அவங்க அம்மா?"

"வந்தா. கொல்லை வழியா யாருக்கும் தெரியாம வந்தா. காலண்டர் தாள்ல மகளோட பேர மட்டும் எழுதிக் குடுத்தா. 'யண்ணே, பேர மட்டுமாவது சொல்லிருங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சா ஒருத்தராவது வந்து மண்ணு போடுவாங்க'ன்னா. சரின்னு தலையாட்டினேன். ஆட்டோவை எடுக்கல." பேனாவை மேசைமேல் வைத்தார். "தூக்குறதுக்கு ஆள் பத்தாம வெட்டியானும் ஒரு கை பிடிச்சான். கோயில் கல்லறையில எடமில்லன்னு, தெக்கால மணல் மேட்டுல வச்சாங்க."

"அந்த அம்மா இப்ப இருக்காங்களா?"

"போயிட்டா. அவங்கப்பனும் போயாச்சு. ரெண்டு பேருக்கும் நான்தான் சொன்னேன். நல்லாவே சொன்னேன்." அந்தக் கடைசிச் சொற்கள் வந்தபோது அவர் முகம் கோணியது. "இந்தக் குரல்தான் சொல்லாம விட்டுச்சு. இதுதான் சொல்லணும். பொதுக்குரல்ல போய்ச் சொன்னா, அது யாரு சொன்னதும்மா?"

"மைக் கட்டியா ஐயா?"

"வேண்டாம். இப்பக் கெளறினா அந்தப் பிள்ளையத்தான் மறுபடியும் ஊர் வாயில போட்டு மெல்லும். எமில்டா பிரசவத்துக்கு இருக்கா, அவ மாமியாவுக்கும் ஒரு பேச்சு கெடச்ச மாதிரி ஆகும். யாரும் கேக்க வேண்டாம். கேக்க வேண்டியவ கேட்டாப் போதும்."

"சரி ஐயா. ஆனா... யார் பேரச் சொல்லி ஆரம்பிப்பீங்க?"

"அதான் தெரியல" என்றார். எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. உச்சிப்பொழுதில் சன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. ஆள் நடமாட்டமில்லாத இந்த நேரத்தில் அவர் அங்கே போயிருந்தால், அந்த மணல்மேடு எவ்வளவு சுடும் என்று நினைத்தேன். நான் கும்பிடும் சாமி வேறு, அவர் கும்பிடும் சாமி வேறு. இருந்தாலும் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினேன்.

சனிக்கிழமை காலையில் அவரும் எமில்டாவும் வந்தார்கள். எமில்டாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் உள்ளே வந்து சாய்வு நாற்காலியில் அமர்ந்து, சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினார். காறை எலும்புக்குக் கீழே, தோலின் மேல், அட்டையைப் படிக்கும் வில்லையை ஒட்டினேன்.

குரலை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மனிதர்கள் தம் பேச்சைத் தாமே கேட்டுத்தான் அளவாகப் பேசுகிறார்கள். காது கேளாதவருக்குப் பேச்சு தடுமாறுவது அதனால்தான். அட்டையும் அப்படியே. அதன் காதுப்பக்கம் தொண்டைப்பக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியாகப் பேசிய பத்து நிமிடம், சுற்றியிருந்த ஓசைகளோடு, அதில் தங்கியிருக்கும். நாடி தப்பியிருக்கிறதா, பழுது உண்டா என்று அதை ஒருமுறை கேட்டுக் கையொப்பமிட்ட பிறகுதான் அழிக்க வேண்டும்.

இதை வியாழக்கிழமையே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சத்தியமாக நினைவில்லாமல் போய்விட்டது. காதில் ஹெட்போனை மாட்டி, பதிவை ஓடவிட்ட பிறகுதான் நினைவு வந்தது. ஹெட்போனைக் கழற்ற எழுந்த கையைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதலில் காற்று. பிறகு அலை. செருப்பில்லாத கால் சுடு மணலில் புதையும் ஓசை. நின்றுவிட்டது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஒரு காகம் கத்தியது.

"மரண அறிவிப்பு."

மைக் இல்லாமலே கணீரென்று வந்தது.

"புன்னைத்துறை கீழத்தெருவில் வசித்துவரும் சூசைராயன் அவர்களின் மூத்த மகள் ஜெனிட்டா அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

சற்று நிறுத்தினார். மூச்சு வாங்கியது. மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒரு தெரு முடிந்து அடுத்த தெருவுக்குப் போனவர் போல மூன்றாவது முறையும் சொன்னார். மூன்று முறையும் ஒரு சொல்லும் குறையாமல், ஒரு சொல்லும் கூடாமல். சூசைராயன் அவர்களின் மூத்த மகள். வடை கேட்டாலும் துக்கமாகப் பேசிய அந்த அட்டைக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அதை அது அன்று செய்தது.

பிறகு மணலில் முழங்கால் ஊன்றும் ஓசை. அதன் பின் வந்தது செபம். அந்த இடத்தில் ஒலியின் அளவைக் குறைத்துவிட்டேன். அது எனக்குரியது அல்ல.

நிமிர்ந்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் எதற்கு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியை விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. கழுத்துத் தசை அசைந்தது.

"ஏதும் கேட்டுச்சாம்மா?"

அந்தக் குரலில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

பொய் சொல்வது எனக்கு வழக்கமில்லை. அன்று சொன்னதற்காக இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்டதுமில்லை.

"காத்துதான் ஐயா," என்றேன். "வெறும் காத்து."

அவர் விரல்கள் தளர்ந்தன. கண்களை மூடிக்கொண்டார். 'பழுது எதுவும் இல்லை' என்ற இடத்தில் கையொப்பமிட்டு, நான் பொத்தானை அழுத்தினேன்.